ஐந்தாவது பொருள்

நீல அட்டை போட்ட நீள நோட்டு அது. துவாக்குடிப் பட்டறையில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே என் கைக்கு வந்தது. அரை மணிக்கு ஒருமுறை ஃபர்னஸின் சூட்டைப் பார்த்து நான் எழுத வேண்டும். பக்கத்தில் ஃபோர்மேன் அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். "நீ எழுதினா சரியாத்தாம்மா இருக்கும். ஆனா பார்க்காம நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து மீட்டரைப் பார்ப்பார். எதற்கும் பட்டியல் போடும் என் பழக்கம் அவருக்குக் கேலி. "டிபன் பாக்ஸ்ல என்னென்ன இருக்குன்னும் எழுதிட்டியா?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சற்றுத் தள்ளியிருந்த கிடங்கில் செம்புக் கம்பி திருடுபோனது. காவலாளி அடித்துக் கொல்லப்பட்டார். பிடிபட்டவன் எங்கள் பட்டறை வெல்டர். அவன் அப்ரூவராக மாறி, அடித்தது ஃபோர்மேன்தான், தான் கூட இருந்தவன் மட்டுமே என்றான். அவனுக்கு மன்னிப்பு, இவர்மேல் வழக்கு. பட்டறைக்கு வந்த எஸ்.ஐ., கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை என்னையே எழுதச் சொன்னார். ஐந்து பொருள்கள். ஐந்தாவது அந்த நோட்டு. அன்றைக்கு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அதில் அவருடைய ஏழு கையெழுத்துகள் இருந்தன. அது போதும் என்று நினைத்தேன்.

பிறகு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். என்னை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை, நானாகவும் போகவில்லை. ஆயுள் தண்டனை என்று கேள்விப்பட்டபோது, நோட்டைப் பார்த்துவிட்டுத்தானே தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. அப்படியானால் இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவே அவர் வெளியே போயிருக்க வேண்டும். போக எத்தனை நிமிடம், வர எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பிற்பகல் முழுவதும் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்த மனிதரை நானே அந்தத் தாளில் கிடங்குவரை அனுப்பிவைத்தேன்.

நான்கு வருடம் கழித்து, நான் லீவில் ஸ்ரீரங்கம் வந்திருந்தபோது, அவருடைய அப்பீல் வக்கீல் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அந்த நேரத்துல அவர் எங்க இருந்தாருங்க?"

"என் எதிர்லதான் சார். நோட்டுல இருக்கே."

"எந்த நோட்டு?" வக்கீலின் குரல் மாறிவிட்டது. "அவரும் கோர்ட்ல அதையேதான் சொன்னாரு. அப்படி ஒண்ணு எடுக்கவே இல்லைன்னு போலீஸ் சொல்லிடுச்சு."

கோர்ட்டுக்குப் போன பட்டியலைக் காட்டினார். டைப் செய்திருந்தது. நான்கே பொருள்கள். நான் எழுதிய பட்டியலின் நகல் முதலாளியின் ஃபைலில் கிடைக்கும்வரை, இரண்டு நாள், தேடிக்கொண்டே இருந்தேன்.

நகலைப் பார்த்த மதுரை நீதிபதிகள் கேட்டபிறகு, நோட்டு ஸ்டேஷனின் ஏதோ ஒரு அலமாரியிலிருந்து வந்து சேர்ந்தது. அதன்முன் அப்ரூவரின் சொல் நிற்கவில்லை; அதற்குத் துணையாக வேறு சாட்சியமும் இல்லை. விடுதலை.

போன மாதம் காட்டூரில் அவர் வீட்டுக்குப் போனேன். "வாம்மா, பஸ்ல உட்கார இடம் கிடைச்சுதா?" என்றார். முடி முழுக்க நரைத்திருந்தது. காபி கொண்டுவந்த அவருடைய மகள் டம்ளரை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"அக்கா, அப்பா அங்கதான் இருந்தாருன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"அதை விடு, உள்ள போ" என்றார் அவர்.

அவள் போகவில்லை.

"தெரியும்" என்றேன்.