அப்பாவின் ரிசோட்டோவும் அம்மாவின் தட்டும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேராவது என் அப்பாவின் கையால் சாப்பிட்டவர்கள். மீதிப் பேர், அவர் சாப்பிடக் கூப்பிட்டும் நேரமில்லை என்று போனவர்கள். இரு சாராருக்கும் முதலில் என் வணக்கம். அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், அவரைப் பற்றி மூத்த மகளான நான் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று பெரியப்பா சொன்னார். நாலு வார்த்தையில் அடங்குகிறவராக அப்பா இருக்கவில்லை. தவிர, அவர் போகும்போது ஒரு குறையோடு போனார். அது என்ன குறை என்று வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்பா பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். சிறு வயதிலேயே தாய் தகப்பன் இருவரையும் இழந்தார். மூத்தவரான பெரியப்பாதான் படகுக்குப் போய் அவரை வளர்த்தார். மீன் பிடிக்கிற வீட்டில் பிறந்தும் அப்பாவுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. ஏரியில் இறங்கிய நாளெல்லாம் மூச்சு வாங்கும். "உன்ன இட்டுகினு போனா நான் வலைய இஸ்க்கறதா, உன்ன இஸ்துகினு வர்றதா" என்று கேட்டுவிட்டு, பெரியப்பா அவரைக் கரையில் சமைக்கப் போட்டுவிட்டார். படகிலிருந்து பசியோடு திரும்பும் ஆறு பேருக்கு மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

அரிசிக்கு ஊரெல்லாம் அல்லாடிய அறுபதுகளில் அப்பா பட்டணம் போய் ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவினார். சில ஆண்டுகளில் கரண்டி பிடித்தார். ஆரணியில் பிறந்த அம்மாவைக் கட்டினார். நானும் தம்பியும் பிறந்தோம். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஆலை கட்டினார்கள். அங்கே மிஷின் பூட்ட வந்தவர்களுக்குச் சமைக்க ஆள் தேவைப்பட்டது. ஊர்ப் பக்கமே வந்த மாதிரி இருக்கும் என்று அப்பா அந்த கெஸ்ட் ஹவுஸ் வேலையில் சேர்ந்தார்.

அங்கே தங்கியிருந்தவர்களில் இத்தாலியிலிருந்து வந்த ஒரு எஞ்சினியரும் அவர் மனைவியும் உண்டு. அந்த அம்மாளுக்கு நம் சாப்பாடு பிடித்தது. ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது தன் ஊர்ச் சோறு வேண்டும். அதன் பெயர் ரிசோட்டோ. அப்பாவுக்குத் தெரிந்தது ஓட்டல் இங்கிலீஷ், அந்த அம்மாளுக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே கையாலும் முகத்தாலும்தான் பாடம் நடந்தது.

முதல் நாள் அப்பா, நம் வீடுகளில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். அரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து, பளிச்சென்று எடுத்துப் போய்ப் பெருமையாகக் காட்டினார். அந்த அம்மாள் கழுநீரையும் அரிசியையும் மாறி மாறிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாராம். சோற்றுக்கு வேண்டிய பசையெல்லாம் சாக்கடையில் போய்விட்டது. இரண்டாம் நாள் களையவில்லை. ஆனால் பொங்கலுக்கு ஊற்றுவது போல் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றி, மூடி போட்டுவிட்டு, வெளியே டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அந்த அம்மாள் மூடியைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார். கரண்டியை அப்பா கையில் கொடுத்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அடுப்பு மேடையில் வைத்து, முள் ஓடுகிற தூரத்தை விரலால் காட்டினார். அதுவரை அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது என்று அர்த்தம். மூன்றாம் நாள் அப்பா நகரவில்லை.

கற்றதை வீட்டில் செய்து காட்டாவிட்டால் அப்பாவுக்குத் தூக்கம் வராது. வெளிநாட்டு அரிசிக்கு எங்கே போவது? ரேஷன் கடையில் போடும் குண்டுப் பச்சரிசியைத் தெருவே திட்டிக்கொண்டு வாங்கும். அதுதான் இதற்குச் சரி என்று அப்பா கண்டுபிடித்தார். அம்மாதான் குறுக்கே நின்றார்.

"கல்லும் மண்ணுமா கீது, களையாம போடறதா? யார்னா பாத்தா சிரிப்பாங்க."

"களைஞ்சா பசையெல்லாம் பூடும். நீயே பொறுக்கிக் குடு, புடைச்சிக் குடு. தண்ணி மட்டும் காட்டாத."

அந்த அம்மாள் இதில் கொஞ்சம் திராட்சைச் சாராயம் ஊற்றுவார் என்று அப்பா வாய் தவறிச் சொல்லிவிட, அம்மா மூன்று வாரம் அந்தப் பாத்திரத்தையே தொடவில்லை. எலுமிச்சம் பழம்தான் பிழியப் போகிறேன் என்று சத்தியம் செய்த பிறகே சமாதானம் ஆனது. அம்மா கல் பொறுக்கிப் புடைத்து, உலர்ந்த துணியால் அரிசியைத் துடைத்துக் கொடுப்பார். குழந்தைக்குத் தலை துவட்டுவது போல் துடைப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குப்பத்திலிருந்து இறால் வரும். தலையையும் ஓட்டையும் அப்பா எறிய மாட்டார். எண்ணெயில் சிவக்க வதக்கி, தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டுவார். அந்தச் சாறு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சூடாகவே இருக்கும். பக்கத்துக் கரி அடுப்பில் குண்டான். வெண்ணெயில் வெங்காயம் நிறம் மாறாமல் வதங்கியதும் அரிசியைப் போட்டு, அதன் ஓரம் கண்ணாடி போல் ஆகும்வரை புரட்டுவார். எலுமிச்சைச் சாறு சில துளி. பிறகு இறால் சாற்றில் ஒரு கரண்டி. அது வற்றியதும் இன்னொரு கரண்டி. இப்படியே கிண்டிக்கொண்டு நிற்பார். கடைசியில் இறாலைப் போட்டு, ஒரு நெல்லிக்காயளவு வெண்ணெய் போட்டு, கொஞ்ச நேரம் மூடி வைப்பார். தட்டில் போட்டுச் சாய்த்தால் சோறு மெல்ல நகர வேண்டும். வாயில் போட்டால் பால் போலக் கரைய வேண்டும். ஆனால் ஒவ்வொரு அரிசிக்குள்ளும் ஒரு பொட்டு மட்டும் பல்லுக்குத் தட்டுப்பட வேண்டும். இவ்வளவு பாடும் கால் மணி நேரத்துக்குத்தான். அதற்குள் சாப்பிடாவிட்டால் சோறு இறுகிவிடும். வெட்டி எடுக்கலாம்.

வினை இங்கேதான் இருந்தது. எங்கள் வீட்டில், உங்கள் வீடுகளிலும் அப்படித்தான், முதலில் விருந்தாளிகளும் ஆண்களும் சாப்பிடுவார்கள், அப்புறம் பிள்ளைகள், எல்லோருக்கும் கடைசியில் அம்மா. அன்று சமைத்தவர் அப்பாவே ஆனாலும் பரிமாறுவது அம்மாதான். மீன் குழம்பு காத்திருக்கும். மறுநாள் இன்னும் ருசியாகக்கூட இருக்கும். இந்தச் சோறு காத்திருக்காது. நாங்கள் மூவரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டு எழுந்த பிறகு, அம்மா குண்டானின் அடியைச் சுரண்டி ஆறிப்போன கட்டியைத் தட்டில் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் கீது" என்பார். அப்பாவின் முகம் அப்போது போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஞாயிறு பெரியப்பா தானே கூடையில் இறால் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். சோறு இறங்கியதும் அப்பா முதல் தட்டைப் போட்டு அம்மாவிடம் நீட்டினார்.

"நீ உக்காரு. உனக்குத்தான் இது."

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். "ஐயோ, மாமா உக்காந்துகினு கீறாரு. மொதல்ல அவருக்கு வைங்க."

பெரியப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. "இன்னாடா இது புதுசா? பொம்பளைக்கி வச்சிட்டு அப்பால எனக்கு வப்பியா? வெள்ளக்காரன் ஊட்ல இதான் பழக்கமா?"

பெரியப்பாவை எதிர்த்து ஒரு சொல் பேச அப்பாவுக்கு வாய் கிடையாது. வளர்த்த கை அது. தட்டு பெரியப்பாவிடம் போயிற்று. "அரிசி வெந்துச்சா வேவலியா, ஒண்ணும் புரில" என்று சொல்லிக்கொண்டே அவரும் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். அப்பா கொல்லையில் கரண்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. ஏன்ப்பா என்று கேட்டேன்.

"நான் பண்றத ஊரே துன்னாச்சி. உங்கம்மா இன்னும் துன்னதே இல்லம்மா. அது துன்றது வேற, ஆறிப்போன களி. இது இன்னான்னே அதுக்குத் தெரியாது."

உண்மையைச் சொல்லி எழுதுவதென்றால் இதையும் எழுத வேண்டும். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நாளாவது நான் எழுந்து, "நீ உட்காரும்மா, நான் பரிமாறுகிறேன்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னதில்லை. என் தட்டு சூடாக இருந்தது. அதற்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

மிஷின் பூட்டி முடிந்ததும் இத்தாலிக்காரர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அப்பா ஆலை கேண்டீனுக்கு மாறினார். மூன்று ஷிப்டுக்கும் சாம்பார் கிண்டியவரைத்தான் உங்களில் பலருக்குத் தெரியும். கேண்டீனில் யாராவது சாப்பிடாமல் போனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைப்பார். கடுஞ்சொல் பேச மாட்டார். கோபம் வந்தால் உப்பைக் குறைத்துவிடுவார், அவ்வளவுதான். வயது ஏற ஏற பழைய மூச்சிரைப்பு திரும்ப வந்தது. போன ஆண்டு அதுவே படுக்கையில் தள்ளியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒரு காலையில் அப்பா ரிசோட்டோ செய்யச் சொன்னார். அவரால் நிற்க முடியாது. அடுப்பருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் கிண்டினேன். "கரண்டிய உடாத" என்று மட்டும் இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். இறக்கியதும் அம்மாவைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். வீட்டில் அன்று வேறு யாருமில்லை. அம்மாவுக்கு மறுக்கக் காரணமும் இல்லை. ஒரு வாய் எடுத்துப் போட்டார். மெல்லுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"இன்னாங்க இது. இப்டியா இருக்கும் இது?"

அப்பா சிரித்தார். நோயில் படுத்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். அம்மா இரண்டாம் வாய் எடுப்பதற்குள் வாசலில் குரல் கேட்டது. ஊத்துக்கோட்டையிலிருந்து உறவுக்காரர்கள் பஸ் பிடித்து அப்பாவைப் பார்க்க வந்திருந்தார்கள். அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்தார். பாய் விரித்தார், தண்ணீர் கொடுத்தார், காபி போட்டார். அவர்கள் மேல் குறையில்லை. அன்போடு பழம் வாங்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வந்தவர்கள். அவர்கள் போனதும் அம்மா தட்டருகே வந்தார். சோறு இறுகிவிட்டிருந்தது.

"பரவால்ல, உடு. நாளிக்கிப் பண்ணிக்கலாம்" என்றார் அப்பா.

மறுநாள் மூச்சு மோசமாயிற்று. நான்காம் நாள் விடியற்காலை அப்பா எங்களைவிட்டுப் பிரிந்தார்.

நினைவு நாள் படையலுக்கு என்னென்ன வைப்பது என்று போன வாரம் பேச்சு வந்தது. ரிசோட்டோவைப் படையலில் வைக்க வேண்டாம் என்றேன். படத்துக்கு முன்னால் வைத்து, கற்பூரம் காட்டி, காக்கைக்கு வைத்து, பெரியவர்கள் எல்லோரும் சாப்பிட்டு முடிவதற்குள் அது அப்பா வெறுத்த களியாகிவிடும். மற்றதெல்லாம் படைப்போம், இதை மட்டும் தனியாகச் செய்து அம்மாவுக்குக் கொடுப்போம், முதல் தட்டு அம்மாவுக்குத்தான் என்றேன். எதற்கென்றும் சொன்னேன்.

"இத்த அவன் என்னாண்ட சொல்லவே இல்லியே கண்ணு" என்றார் பெரியப்பா. பிறகு, "இறாலு நான் கொண்ணாரேன்" என்றார்.

அம்மாதான் ஒப்புக்கொள்ளவில்லை. "அத்தினி பேரு வந்து நிக்கும்போது நான் மொதல்ல உக்காந்து துன்றதா? எவ்ளோ பேரு கூப்புடுவாங்க. எப்டிம்மா உக்கார்றது?"

"யாரும் கூப்பிட மாட்டாங்க. நான் மலர்லயே எழுதிடறேன்" என்றேன்.

அப்பாவின் நோய்க்காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வண்டி கொடுத்து உதவியவர்களுக்கும், மண்ணெண்ணெய் கிடைக்காத நாளில் தங்கள் பங்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், இறுதிப் பயணத்தில் தோள் கொடுத்த கேண்டீன் தோழர்களுக்கும், குப்பத்து உறவினர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இத்தாலியிலிருக்கும் அந்த அம்மாளின் விலாசம் தெரியாததால் இந்த மலரை அனுப்ப முடியவில்லை. அவருக்கும் நன்றி.

ஒரு வேண்டுகோள் மட்டும். படையல் முடிந்து நீங்கள் இதைப் படிக்கும் நேரத்தில் அடுப்படியில் அம்மாவின் கையில் ஒரு தட்டு இருக்கும். கால் மணி நேரத்துக்கு யாரும் அவரைக் கூப்பிட வேண்டாம். சொல்லிக்கொண்டு போக வேண்டியவர்கள் கொஞ்சம் பொறுத்துப் போங்கள். தண்ணீரோ பாயோ வெற்றிலையோ எது வேண்டுமென்றாலும் என்னைக் கேளுங்கள். நான் அடுப்படி வாசலிலேயே நிற்கிறேன்.