காதர் பாய்க்கு நான் படித்த கடிதம்

சென்ற வாரம் ஒரு காலை, மண்டியில் சிந்திய நெல்லைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முதலில் உருதுவில் அறிவித்தார்கள். பெயர் மட்டும் காதில் விழுந்தது. அதையே தமிழில் சொல்லி முடிப்பதற்குள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நடக்கத் தொடங்கியிருந்தேன். கோணி தைக்கும் காதர் பாய் போய்விட்டார்.

கள்ளக்குறிச்சி மண்டித் தெருவில் அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எழுபது வயதில், போன வருடம்தான், மாலை வகுப்பில் எழுத்துக் கற்றேன். ஒரு பக்கம் எழுத மூன்று நாள் ஆகிறது. இந்தத் துக்கத்திலும், என் கை அவர் பெயரை எழுதுகிறதே என்று ஒரு சந்தோஷம். அதை மறைக்கவில்லை.

நாற்பது வருடம் நான் மூட்டை தூக்கினேன். அவர் மூட்டையின் வாயைத் தைத்தார். புளி கொண்டுவரும் மலைக்காரர்களிடம் அவர்களைப் போலவே இழுத்துப் பேசுவார். மல்லாட்டைக் கடலை புடைக்க வரும் பெண்களிடம் தெலுங்கு. வடக்கே இருந்து வந்த பையன்களிடம் இந்தி. “அவன் பாஷைல ரெண்டு வார்த்த பேசுய்யா. அப்புறம் அவன் அசலூர்க்காரன் இல்ல” என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருத்தியிடம் மட்டும் பேசாமல் இருந்தார். அவர் மகள் ஷமீம். புளி ஏற்றி வந்த கரியாலூர்ப் பையனைக் கட்டிக்கொண்டு அவள் மலைக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. அவள் போன் செய்தால் எடுக்க மாட்டார். மகன்கள் அவள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

நான் வகுப்புக்குப் போவதைப் பார்த்து, “இன்னாயா சின்னசாமி, படிச்சிட்டு தாசில்தாரா ஆவப் போறியா?” என்று கேலி செய்துகொண்டிருந்தவர், ஒரு மதியம் மூட்டை அடுக்குக்குப் பின்னால் என்னை அழைத்துப்போய் ஒரு தாளை நீட்டினார்.

“ஷமீம் எழுதிக்கிறா. வூட்ல யாருக்கும் தெரியாது. படி.”

எழுத்துக் கூட்டினேன். தமிழ் எழுத்துதான். ஆனால் ஒரு சொல்லும் புரியவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் கற்றது தமிழ் எழுத்து மட்டும்தானே. அதிலேயே உருதுவை எழுதியிருந்தாள். அவருக்கோ எந்த எழுத்தும் தெரியாது.

“இது உங்க பாஷை பாய். உன் பையன்கிட்ட குடு.”

“அவன் படிச்சா அவனுக்கும் புரிஞ்சிடும். உனக்கு எழுத்து தெரியும், பாஷை தெரியாது. எனக்கு அப்பிடி ஒரு ஆளுதான் வேணும்.”

“நல்லா புடிச்ச ஆள” என்றேன்.

எழுத்து எழுத்தாகச் சொன்னேன். என் வாயில் அது கரடுமுரடாக வந்தது. அவர் ஒவ்வொரு சொல்லையும் தன் வாயில் திருத்திச் சொல்லிப் பார்த்தார். சொன்ன பிறகுதான் அவருக்குப் பொருள் விளங்கியது. மகள் எழுதியதை எல்லாம் அப்பனே சொல்ல வேண்டியதாயிற்று. பாதியில் முகத்தை மூட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மெதுவா படிக்கிறேன்னு கோவமா பாய்?”

“இல்ல. இன்னும் மெதுவா படி.”

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. முதல் பஸ்ஸில் கரியாலூர் போயிருந்தார். அதன்பின் மாதம் ஒருமுறை போய்வந்தார். “பேத்தி ரெண்டு பாஷைலயும் திட்றா” என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்.

அடக்கம் முடிந்து அவர் வீட்டுக்குப் போனேன். ஷமீம் வாசலுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“மாமா, நீங்கதான் படிச்சீங்கன்னு அப்பா சொன்னாரு. அதுல இன்னா எழுதியிருந்தேன்னு சொல்லட்டுமா?”

ஆசையாகத்தான் இருந்தது. புதிதாகப் படிக்கக் கற்றவனுக்குக் கடைத்தெருவில் ஒரு பலகையைக்கூட விட்டுவிட்டு நடக்க மனம் வராது.

“வேணாம்மா. புரியாதுன்னுதான் எங்கிட்ட குடுத்தாரு.”

கடிதம் வந்ததை மட்டும் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றாள்.

இப்போதெல்லாம் கண்ணில் படுவதை எல்லாம் படித்து, பொருள் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். அந்த ஒரு தாளை மட்டும் படித்தவனாகவும் அறியாதவனாகவும் இருந்துவிடுவேன். காதர் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.