பிள்ளையார் தப்பினார், எழுத்து போயிற்று

தொண்ணூறுகளின் கடைசியில், குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டிடிபி கடை நடத்தினேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, நினைவஞ்சலி நோட்டீஸ் எல்லாம் டைப் செய்து, பக்கம் அமைத்து, பிரிண்ட் எடுத்துத் தருவேன். அதை வைத்து அச்சகத்தில் அச்சடிப்பார்கள். பத்தாவது பாஸ், தமிழ் டைப்ரைட்டிங் பாஸ். பேச்சில்தான் ஃபெயில். நான் “வாங்க” என்று சொல்லத் தைரியம் வரவழைப்பதற்குள் வந்தவர் வேலையைச் சொல்லிவிட்டுப் படியிறங்கியிருப்பார்.

அப்போது கம்ப்யூட்டரை இயக்கும் ஓ.எஸ். புதிதாக ஒன்று வந்திருந்தது. எல்லாரும் போடுகிறார்களே என்று நானும் பழையதன் மேலேயே புதியதைப் போடச் சொன்னேன். திறக்கும்போது படம் அழகாக வந்தது. அதன் பிறகு எதைத் தொட்டாலும் உறைந்து நின்றது. அதிலும் பிரிண்ட் கொடுத்தால் போதும், அப்படியே சிலையாகிவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் திருமுடிவாக்கம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மகள் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். யார் பெயர் யாருக்கு மேல் வர வேண்டும் என்பதில் அவர்கள் வீட்டில் பெரிய சண்டை. மாமன் மேலே போனார், சித்தப்பா கீழே வந்தார், மறுபடி மேலே போனார். புதன்கிழமை காலையில்தான் சமாதானம் ஆயிற்று. முதல் பத்திரிகையை வெள்ளிக்கிழமை குலதெய்வத்தின் காலடியில் வைக்க வேண்டும். வைத்தால்தான் ஊருக்குக் கொடுக்கலாம். ஆகவே புதன் சாயங்காலமே என் பிரிண்ட் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். வரிசையை மாற்றி அடித்துவிட்டேன், பிரிண்ட் கொடுத்தால் மெஷின் சிலை.

தாம்பரத்திலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தேன். அவர் பார்த்துவிட்டு, “மேல மேல போட்டா இப்படித்தான்க்கா. மொத்தமா அழிச்சிட்டு ஃப்ரெஷ்ஷா போட்டுடலாம்” என்றார்.

அழிப்பது என்றதும் எனக்கு நல்ல நேரம் பார்க்கத் தோன்றியது. காலண்டரைப் பார்த்தேன். ராகு காலம். ஒன்றரை வரை பொறுக்கச் சொன்னேன்.

“கம்ப்யூட்டருக்குக் கூடவாக்கா?” என்று சிரித்தவர், டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். அதற்குள் நான், மெஷின் உறைய உறைய அணைத்துப் போட்டு, பத்திரிகை ஃபைல்களையும் பிள்ளையார், வாழைமரம், மேளம், மாலை என்று எல்லாப் படங்களையும் ஃப்ளாப்பிகளில் ஏற்றினேன்.

“எல்லாம் எடுத்தாச்சா?”

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.

ராகு காலம் முடிந்தது. அழித்தார், புதிதாகப் போட்டார், போய்விட்டார். மெஷின் காற்றாய்ப் பறந்தது. ஃப்ளாப்பியைப் போட்டுப் பத்திரிகையைத் திறந்தேன். உச்சியில் பிள்ளையார் சௌக்கியமாக இருந்தார். அவருக்குக் கீழே ஒரு வரி தமிழ் இல்லை. ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் கொட்டிக் கிடந்தன. தமிழ் எழுத்து வடிவம் தனி ஃபைல், அதையும் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. தமிழ் அந்தப் பெட்டியிலேயே பிறந்தது என்று நினைத்திருந்தேன். அதை முதலில் ஏற்றிய ஃப்ளாப்பி மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துச் செத்திருந்தது.

பெரியவர் வந்துவிட்டார். திரையைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? இங்கிலீஷ்லயா அடிச்சு வச்சிக்கீறே?”

“இல்லீங்க... தமிழ்தான்.”

“எங்க கீது தமிழு?”

அந்தக் குப்பையை நான் உற்றுப் பார்த்தேன். கே என்றால் ம, எஃப் என்றால் க, அரைப்புள்ளி என்றால் மெய்யெழுத்தின் புள்ளி. தினமும் விரல் தட்டும் சாவிகள்தானே. விரலால் வரியைத் தொட்டுக்கொண்டு மணமகள், மணமகன், மாமன், சித்தப்பா என்று உரக்க வாசித்தேன். வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஒருவர் முன்னால் நான் பேசியதில்லை. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“வரிசையெல்லாம் கரெக்டா கீது” என்றார்.

எனக்கு ஒரு அடி வளர்ந்தது போல இருந்தது.

“சரிம்மா. நான் பத்திரிகை வைக்கற வூட்டுக்கெல்லாம் நீ கூடவே வந்து படிச்சுக் காட்டுவியா?”

வளர்ந்தது இறங்கிவிட்டது.

அதே எழுத்து இருந்த ஒரே இடம் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்த இன்னொரு டிடிபி கடை. அதன் முதலாளியை வழியில் பார்த்தால் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். விரோதம் ஒன்றுமில்லை, என்ன பேசுவது என்று தெரியாது, அவ்வளவுதான். பெரியவர் என்னை ஸ்கூட்டரில் ஏற்றி அங்கே கொண்டுபோய் இறக்கினார். அவரே கேட்பார் என்று நம்பி நின்றேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, “கேளும்மா” என்றார்.

“அண்ணா, எழுத்து போயிடுச்சு” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அடேங்கப்பா! ரோட்ல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போவே. திமிரு புடிச்சதுன்னுல்ல நெனச்சுக்கினு இருந்தேன். பேச வருமா உனக்கு?”

“கூச்சம்ணா.”

“கூச்சமா! நம்ப தொழிலுக்கு ரொம்ப நல்லதும்மா அது” என்று சிரித்துக்கொண்டே எழுத்தை ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றித் தந்தார்.

வீட்டுக்கு வந்து ஏற்றினேன். பிள்ளையாருக்குக் கீழே தமிழ் வரி வரியாக எழுந்து நின்றது. பிரிண்ட் கொடுத்தேன், மெஷின் உறையவில்லை. பெரியவர் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு அச்சகத்துக்கு ஓடினார். முதல் பத்திரிகை, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, வெள்ளிக்கிழமை சாமி காலடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த வாரம் ஃப்ளாப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நன்றி சொல்ல இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கடைக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நல்லதாகப் போயிற்று என்று ஃப்ளாப்பியை மேஜையில் வைத்துவிட்டு நழுவினேன். பாதி ரோடு தாண்டியிருப்பேன்.

“கூச்சம்லாம் கெடையாதும்மா, திமிருதான்!” என்று பின்னால் குரல் கேட்டது. பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.