கறுப்புக் கண்ணாடியில் வசந்தா

பாடுகிறவர் யார் என்பதை எடுப்பதல்ல, யாராக இருக்க ஆசைப்படுகிறார் என்பதை எடுப்பதுதான் பாட்டு வீடியோக்காரனின் பிழைப்பு. கேமராவைத் தோளில் சுமந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மற்றவர்கள் எடுத்த பாட்டுகளைச் சத்தம் இல்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். உதவிக்கு ஆள் வைக்க வழியில்லாததால் என் மனைவி வசந்தாதான் தெர்மாகோல் அட்டையைப் பிடிப்பாள். வெயில் அதில் பட்டுப் பாடுகிறவர் முகத்தில் விழும். காரைக்கால் பக்கம் நான் எடுத்த முகங்களுக்கெல்லாம் வெளிச்சம் அவள் கையிலிருந்து போனதுதான்.

இரவல் கார்

கோட்டுச்சேரிமேட்டு மணிமாறன் தன் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதி, அவனே பாடியிருந்தான். தொழிலுக்குப் போன படகு திரும்பாத கதை. படகு, வலை, அலை என்று நான் மனசுக்குள் படம் போட்டு வைத்திருந்தேன். அவனோ இரவல் வாங்கிய வெள்ளைக் காரில், கோட்டுப் போட்டு, பளபளவென்ற கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்து இறங்கினான். படத்தில் எங்கேயும் கடல் வரக்கூடாது என்றான்.

அந்த மாதிரிக் கண்ணாடி எங்கள் தொழிலுக்குச் சத்துரு. எதிரில் இருப்பதையெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். கழற்றச் சொன்னேன், கேட்கவில்லை. பாட்டு வெளிவந்த பிறகு, கண்ணாடியில் யாரோ ஒரு அக்கா அட்டையோடு நிற்கிறார் என்று ஊர்ப் பையன்கள் வீடியோவுக்குக் கீழே எழுதிச் சிரித்தார்கள். அந்த இடத்தை வெட்டச் சொல்லி மணிமாறன் இரண்டு தடவை வந்தான். வெட்டலாம் வெட்டலாம் என்று நாளைக் கடத்தினேன், அப்படியே நின்றுவிட்டது. ஆனால் எடுத்த அன்றைக்கு வசந்தா கேட்டதுதான் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அப்பா பாட்டுக்கு எதற்குத் தம்பி கார் என்றாள். அவன் சிரிக்காமல் சொன்னான்: "கடலுக்குப் போன அப்பா திரும்பலைக்கா. கார்ல போனவங்க எல்லாம் திரும்பி வராங்கல்ல."

பட்டுப்புடவையில் நடவு

நெடுங்காட்டில் அஞ்சலையம்மாள் நடவுப் பாட்டுக்குப் பேர் போனவர். பாட்டை நாலு பேர் பார்க்கட்டும் என்று அவர் அண்ணன் மகன் ஆசைப்பட்டான். பட்டுப்புடவை கட்டி, பவுடர் பூசி, அத்தையை வரப்பில் நிறுத்தினான். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லை. வயல் வெடித்துக் கிடந்தது. அஞ்சலையம்மாள் வாயைத் திறந்தார், மூடினார். குரலே வரவில்லை. ஊரில் விடிய விடியப் பாடுவாங்களே என்று அவன் என்னிடம் புலம்பினான்.

வசந்தா அட்டையைக் கீழே வைத்துவிட்டு, வரப்போரம் ஒரு பிடி கோரையைப் பிடுங்கி அந்த அம்மாள் கையில் நாற்று முடி மாதிரி கொடுத்தாள். அவ்வளவுதான். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தார், பாட்டு வந்தது. காய்ந்த வயலில் பாட்டின் கடைசி அடி வரைக்கும் கோரையை நட்டுக்கொண்டே பாடினார். பவுடரெல்லாம் வேர்வையில் போய்விட்டது. முடித்து நிமிர்ந்தவர் அண்ணன் மகனைப் பார்த்துச் சொன்னார்: "கை சும்மா இருந்தா வாயி எப்புடிடா தொறக்கும்?"

கிளிசரின்

விழிதியூர்ப் பெண் ஒருத்தி, நல்ல வேலையில் இருந்தவள், பிரிவைப் பற்றி ஒரு பாட்டுப் பாடிப் பதிவு செய்து எடுத்து வந்தாள். நெருக்கத்தில் முகம், கண்ணில் நீர் திரண்டு விழ வேண்டும். கிளிசரின் போட்டும் கண் சிவந்ததே தவிர அழுகை வரவில்லை. அப்போது வசந்தாவுக்கு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. வர வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்தபடிதான் அட்டையைப் பிடித்திருந்தாள். அவள் கை நடுங்கியது. பாடுகிற பெண்ணின் கன்னத்தில் வெளிச்சமும் சேர்ந்து நடுங்கியது.

அந்தப் பெண் கேமராவை விட்டுவிட்டு வசந்தாவையே பார்த்தாள். கண்ணீர் தானாக இறங்கியது. நான் நிறுத்தாமல் எடுத்தேன். என் தொழிலில் அதைவிட நல்ல காட்சி எனக்கு அமையவில்லை. வண்டியில் திரும்பும்போது வசந்தா என் முதுகில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அந்தப் பொண்ணு நல்லா நடிச்சிதுல்லங்க?"

மாலைக்கு ஒரு படம்

வசந்தா போன பிறகு மாலை போட ஒரு படம் தேடினேன். கல்யாணப் படத்தில் தண்ணீர் இறங்கி முகம் கரைந்திருந்தது. ஆதார் அட்டைப் படம் அவளுக்கே பிடிக்காது, திருட்டுக் கேசில் பிடித்த மாதிரி இருக்கிறது என்பாள். பெட்டி பெட்டியாக இருந்த வீடியோக்களில் ஊரே இருந்தது, அவள் இல்லை. வெளிச்சம் பிடிக்கிறவர் படத்துக்குள் வருவதில்லை. கருமாதிக்கு இரண்டு நாள் இருந்தபோது துக்கம் கேட்க மணிமாறன் வந்தான். வெறும் சுவரில் நான் ஆணி அடித்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, போனை எடுத்துத் தன் பாட்டை ஓடவிட்டு, இரண்டாம் சரணத்தில் நிறுத்தினான். அவன் கண்ணாடியில் ஒரு வெள்ளைச் சதுரம். அதற்கு மேலே, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவள்.

பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகப் போகிறது. கண் எது, மூக்கு எது என்று தெரியாது. ஆனால் தலையைச் சற்றே சாய்த்து, எதிரில் நிற்பவர் முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்க்கிற அந்த நிற்பு அவளுடையதுதான். அந்தப் படத்தையே சட்டம் போட்டு மாட்டினேன். மணிமாறன் அதன் முன்னால் வந்து நின்றான். ஒரு காலத்தில் அதை வெட்டச் சொல்லி அலைந்தவன், சொன்னான்: "அக்காவாவது திரும்பி வந்துட்டாங்கண்ணே."

ஊரில் எல்லாரையும் அவரவர் ஆசைப்பட்ட மாதிரியே படம் பிடித்துக் கொடுத்தேன். உள்ளபடி நான் எடுத்தது ஒரே ஒருத்தியைத்தான், அதுவும் தவறிப்போய்.