ரிலீஸில் ஏறிய சமையலறைக் குழாய்

அம்மா இறந்த அன்று, அவருடைய ஆபீஸ்காரர்கள் வந்ததும் எங்கள் சமையலறைக் குழாயை எட்டிப் பார்த்தார்கள். அதற்குக் காரணம் உண்டு.

மருத்துவமனைகளில் டோக்கன் கொடுக்கும் மென்பொருளுக்கு அம்மாதான் ரிலீஸ் பொறுப்பாளர். இரண்டு வார வேலைச் சுற்றுக்கு ஸ்பிரிண்ட் என்று பெயர். மூன்று ஸ்பிரிண்ட்டில் முடிந்த வேலைகள் சேர்ந்து ஒரு ரிலீஸ், அதாவது புதிய பதிப்பு. அம்மாவின் சட்டம் ஒன்றே: செய்தவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர். இரண்டு பெயரும் இல்லாமல் எதுவும் 'முடிந்தது' பகுதிக்குப் போகக் கூடாது.

குழுவின் வேலைகளைப் பதியும் ஆபீஸ் பட்டியலிலேயே வீட்டு வேலைகளையும் ஓர் ஓரமாகப் பதிந்து வைத்திருந்தார். ஊழியர் அப்பா ஒருவர்தான். குழாய்ச் சொட்டு மட்டும் ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்ட்டாகத் தள்ளிப் போனது. ஒருநாள் அப்பா போனில், "முடிச்சாச்சு" என்றார். வந்த சந்தோஷத்தில் அம்மா சட்டத்தை மறந்து 'முடிந்தது' என்று போட்டுவிட்டார். அந்தப் பட்டியல் முடிந்ததையெல்லாம் தானாகவே வாரி எடுத்து, என்னென்ன முடிந்தது என்று சொல்லும் ரிலீஸ் குறிப்பில் சேர்த்து ஒரு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டது.

மருத்துவமனை மேலாளர் கூப்பிட்டார்.

"மேடம், சமையலறைக் குழாய்ச் சொட்டு நின்னுடுச்சுன்னு இருக்கே. யாரோட சமையலறை?"

"எங்க வீடு சார்."

"சரிபார்த்தவர் பேரு காலியா இருக்கு."

"வீட்டுக்காரர் வாயால சொன்னாரு."

"மத்த வரிக்கெல்லாம் ரெண்டு பேரு இருக்கு. இதுக்கும் வந்தாத்தான் கையெழுத்து."

சாயங்காலத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் ரிலீஸ் அடுத்த மாதம்தான். மொத்தக் குழுவின் உழைப்பும் அதுவரை கிடப்பில். அந்த வரியை அழித்துவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார்.

"அனுப்பினப்புறம் அழிச்சா அது திருத்தம் இல்ல, மழுப்பல்" என்ற அம்மா, வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டார். போனை நான் பிடித்துக்கொண்டேன். திரையில் குழுவும் மேலாளரும். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, முடிச்சாச்சுன்னீங்க?"

"முடிச்சேன். அதுவா மறுபடி ஆரம்பிச்சிருக்கு."

"இந்தச் சாக்கை நான் ஆபீஸ்லயே தினம் கேக்கறேன்."

குழு விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே தேய்ந்த வாஷரை மாற்றினார். எல்லோரும் குழாயையே பார்த்தோம். ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"சரிபார்த்தவர்னு என் பேரையே போடுங்க மேடம்" என்றார் மேலாளர். ரிலீஸ் அன்றே போனது. அதற்குக் குழு வைத்த பெயர் 'வாஷர்'.

இந்த வாரம் குழாய் மறுபடி சொட்டியது. அப்பா வாஷரை மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"வந்து பாரு."

"நீங்க பாத்தீங்கல்லப்பா?"

"செஞ்சவன் பாத்தா செல்லாது. உங்கம்மா விடமாட்டா."

போய் நின்று பார்த்தேன். சொட்டவில்லை. அம்மாவின் கணினியைத் திறந்து இரண்டாவது பெயராக என் பெயரைப் போட்டேன்.