தாய்மாமன் மடி

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. மகனுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள ஒரு தாய்மாமன் வேண்டுமே என்று, இறந்துபோன அப்பாவின் உறவைத் தேடி உத்திரமேரூரிலிருந்து சதுரங்கப்பட்டினம் போனேன். டச்சுக் கோட்டைக்குப் பின்னால் சாயக்காரர் வீடு என்று அப்பா சொன்னது மட்டுமே தெரியும். விசாரித்ததில் பெரியப்பா மகன் கிடைத்தார்.

"எங்க சித்தப்பா மூக்கு அப்படியே கீதும்மா உனக்கு. என் மடியிலதான் குத்தணும். எப்பன்னு சொல்லு."

அவர் கழுத்தில் சிலுவை இருந்தது. மாமியார் என்ன சொல்வாரோ என்று பயந்து, குறித்த நாளுக்கு ஒரு வாரம் தள்ளிச் சொல்லிவிட்டேன். எங்கள் தெருக்காரர் ஒருவரை மாமனாக உட்காரவைத்துக் காது குத்தி முடித்தோம்.

நான் சொன்ன நாளில் அண்ணன் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். பந்தல் இல்லாத வாசலைப் பார்த்தார். குழந்தையின் காதையும் பார்த்தார்.

"யாரும்மா அது?" என்றார் மாமியார்.

நான் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டேன்.

"இவங்க நைனாவுக்குத் தெரிஞ்சவன்" என்றார் அண்ணனே. பிறகு மெதுவாக, "கொஞ்ச நேரம் மடியில வச்சிக்கினு தரட்டுமாம்மா?" என்று கேட்டார்.

அவர் கொண்டுவந்த கடுக்கன்தான் இன்றும் மகன் காதில் இருக்கிறது. யார் வாங்கித் தந்தது என்று அவன் ஒருநாள் கேட்பான்.