கொம்பில்லாத பொன்மான்

பெருங்கடவிளையைத் தாண்டியதும் நெய்யாற்றில் முகம் கழுவலாம் என்று காரை நிறுத்துகிறேன். கரை நெடுக மூங்கிலும் முள் நிறைந்த கைதைப் புதரும் அடர்ந்திருக்கின்றன. நடுவில் ஒரு செம்மண் திட்டு மட்டும் இறங்க வசதியாகத் தெரிகிறது. கால் வைக்கப் போகும்போது, பின்னால் துணிவாளியோடு வந்த பெண் தடுக்கிறார்.

“சாரே, அதுவழி எறங்காதீங்க. கீழ பொன்மான் உண்டு.”

சென்னைக்காரனான நான் அப்படியே நின்றுவிடுகிறேன். ஆற்றங்கரையில் மான், அதுவும் பொன்னிறத்தில். செல்பேசியை மெல்ல எடுத்து, புதரைப் பார்த்தபடி கிசுகிசுக்கிறேன்.

“கொம்பு இருக்குமா?”

“கொம்பா?” அவர் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார். “அலகுல்லா உண்டு.”

என் காலடியில், திட்டின் செங்குத்தான பக்கத்திலிருந்து நீலமாக ஒன்று சீறிப் பறக்கிறது. மீன்கொத்தி. இந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர்தான் பொன்மான். குனிந்தால் மண்ணில் ஒரு பொந்து தெரிகிறது. உள்ளே குஞ்சுகள் சத்தமிடுகின்றன. நான் மிதித்திருந்தால் மண் சரிந்து பொந்தை மூடியிருக்கும்.

“அப்ப நீங்க எப்படி ஆத்துக்குப் போவீங்க?”

“இது எங்களுக்க வழிதான். குஞ்சு பறக்கது வரைக்கும் சுத்தியாக்கும் போறது.”

வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவர் கைதைக்குள் நுழைகிறார். நானும் பின்னால் போகிறேன். முள் கையைக் கீறுகிறது. தண்ணீர் பட்டதும் எரிகிறது. பொந்து சரியாமல் இந்தக் கீறலோடு போயிற்றே என்று நிம்மதியாக இருக்கிறது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்கிறேன். கொம்பு கேட்ட எனக்கு, அலகில் மீனோடு பொன்மான் பொந்துக்குத் திரும்புவதைப் பார்க்கக் கிடைக்கிறது.